நிழல் முறை

எங்கள் அளத்தில் மரம் கிடையாது, மரம் என்ன, நட்டு வைத்தாலும் ஒரு புல் நிற்காது, தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரமாய் வெள்ளையாக விரிந்து கிடக்கிற ஏழு பெரிய பாத்திகளும் அவற்றைப் பிரிக்கிற வரப்புகளும் ஒரு பம்ப் அறையும் சேர்ந்ததுதான் அளம், அதனால் காலை ஒன்பது மணிக்கு உப்பு வாருகிற பலகையைப் போட்டுவிட்டுக் கஞ்சி குடிக்க உட்காருகிறபோது எங்களுக்கு ஒதுங்க இருந்த ஒரே இடம் இன்னொரு ஆளின் நிழல். இதற்கு நிழல் முறை என்று பெயர். இரண்டிரண்டு பேராகக் கூட்டுச் சேர்ந்துகொள்வோம். ஒருத்தி வெயிலுக்கு முதுகைக் காட்டி, தலைத்துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மற்றவள் அவள் நிழலில் குந்தித் தூக்குவாளியைத் திறப்பாள். கங்காணி தருகிற கால் மணி நேரத்தில் மாற்றி மாற்றிக் குடிக்க நேரம் இருக்காது என்பதால் இன்றைக்கு நீ நின்றால் நாளைக்கு நான் நிற்பேன் என்று வைத்திருந்தோம், நிற்கிறவள் அன்றைக்கு வெயிலிலேயே இரண்டு மடக்கு குடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் பெயர் ஆவுடைத்தங்கம். பதினொரு வருஷமாக எனக்குக் கூட்டு சுயம்புக்கனி, காலனியில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள், தனியாள், புருஷன் துறைமுகத்து வேலைக்கென்று போய் அப்படியே போய்விட்டான். நான் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை, திருப்பூரிலிருக்கிற என் இரண்டு பையன்களும் போன் பண்ணினால்கூட எதற்காக இருக்கும் என்று யோசித்துவிட்டுத்தான் எடுப்பேன், அவர்களும் அதைத் தெரிந்துகொண்டோ என்னவோ பண்ணுவதையே விட்டுவிட்டார்கள், ஆனால் சுயம்புவை நான் நம்பினேன். பதினொரு வருஷத்தில் அவள் முறையை அவள் ஒருநாளும் மறந்ததில்லை, காய்ச்சலோடு வந்து நின்ற நாள்கூட உண்டு.

அந்தப் பங்குனியில், முதல் உப்பு எடுத்து மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, என் முறை. நான் நின்றுகொண்டிருந்தேன், சுயம்பு குடித்துக்கொண்டிருந்தாள், அப்போது வரப்பிலிருந்து ஒரு உப்புக்கொத்தி குடுகுடுவென்று ஓடி வந்தது. கைக்குள் அடங்குகிற மண் நிறப் பறவை, அளத்தில் எப்போதாவது தென்படும். அது என் நிழலுக்குள் நுழைந்து தலை விழுந்திருந்த இடத்தில் நின்று பார்த்தது, அங்கே சூடு தாங்கவில்லை போல, தோள் விழுந்திருந்த இடத்துக்கு வந்தது, அதுவும் சரிப்படாமல் கடைசியில் இடுப்பு விழுந்திருந்த இடத்தில் நெஞ்சால் மண்ணைக் குடைந்து உட்கார்ந்து ஒரு முட்டை இட்டது.

"ஏளா ஆவுடை, அசையாத," என்றாள் சுயம்பு, ஊறுகாயை நக்கிக்கொண்டே. "ஒன் இடுப்புல முட்ட கெடக்கு."

"எம்புட்டு நேரம் அசையாம நிக்க? பலக எடுக்கணும்லா?"

"அப்போ மெதுவா நட."

மெதுவாக நடந்தேன். நிழல் நகர, குழியோடு முட்டையும் முட்டைமேல் உட்கார்ந்திருந்த பறவையும் நகர்ந்து வந்தன, வரப்பு ஏறினேன், அவையும் ஏறின, பாத்தியில் இறங்கினேன், அவையும் இறங்கின. கங்காணி தவசிமுத்து அண்ணாச்சி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து குனிந்து இன்னொரு தரம் பார்த்தார், முட்டையால் வேலை கெடுமா என்று கேட்டார், கெடாது என்றேன், அப்போ கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அதைப் பற்றிப் பேச்சு அவ்வளவுதான்.

அந்த வாரம் முடிவதற்குள் அளத்தில் எல்லாருடைய நிழலிலும் ஏதாவது ஒன்று குடி வந்துவிட்டது. முதல் பாத்தியில் நின்று நின்றே வயதான கொம்பையாண்ணன் நிழலில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு விரல் நீள மீன்கள் திரிந்தன, தவசிமுத்து அண்ணாச்சி நிழலில் இரண்டு நண்டுகள் எட்டிப் பார்ப்பதும் பொந்துக்குள் போவதுமாய் இருந்தன, எனக்கு அடுத்த வீட்டு லூர்தம்மாவின் நிழலில் உவர் மண்ணில் முளைக்கிற உமிரிச் செடி சிவப்பும் பச்சையுமாகத் தழைத்தது. ஒரே நிழலுக்குள்ளேயும் ஒரே மாதிரி இல்லை. என் நிழலையே எடுத்துக்கொண்டால், தலைப்பக்கம் உப்புப் பூத்து வறண்டு எறும்பு மட்டும் ஊர்ந்தது, இடுப்பில் பொடி மணலில் முட்டை, பாதத்துக்கிட்டே எப்போதும் ஈரம், அங்கே மிளகு மாதிரிப் பொடி நத்தைகள், எறும்பு நத்தையிருக்கிற பக்கம் வராது, நத்தை எறும்பிருக்கிற பக்கம் போகாது. நான் ஒரு ஆள்தான், என் கீழே மூன்று ஊர் இருந்தது.

நாங்கள் இதற்குப் பழகினோம், எதற்குத்தான் பழகவில்லை. அடுத்தவர் நிழலை மிதிக்காமல் நடக்கப் பழகினோம், வரப்பில் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது என்று பேசி முடிவு செய்தோம், பன்னிரண்டு மணிக்கு எல்லாம் காலடியில் வந்து ஒண்டும்போது மிதிபட்டுவிடுமே என்று அளம் முழுக்க அரை மணி நேரம் அசையாமல் நின்றோம், அந்த அரை மணி நேரத்தை ஓய்வென்று எழுதிக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் சொல்லி அனுப்பினோம். முதலாளி காரில் வந்து குடையோடு இறங்கிக் கொம்பையாண்ணன் நிழலை எட்டிப் பார்த்துவிட்டு, குத்தகை நிலத்தில் வளருகிற மீன் யாருக்குச் சேரும் என்று மட்டும் கேட்டார், நிலத்தில் எங்கே வளருகிறது, ஆள்மேல் அல்லவா வளருகிறது என்று சொன்னதும் ஏமாந்துபோய்த் திரும்பிவிட்டார். சாயங்காலம் நிழல்கள் நீண்டு காலனிக்குள் போகும்போது லூர்தம்மாவின் உமிரி டீக்கடை பெஞ்சுவரை படரும், ஆடுகள் வந்து மேயும், அவள் கத்துவாள். பெண் பார்க்க வருகிறவர்கள் காலை எட்டு மணி வெயிலுக்கே வந்து பெண்ணை வாசலில் நிறுத்தச் சொன்னார்கள். இருட்டியபின் எல்லாம் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை, விடிந்தால் இருந்தது, அது போதுமாயிருந்தது.

எது இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஏன் இருக்கிறது என்று கேட்க எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. லூர்தம்மா நிழலில் செடி தழைக்கிறதென்றால் அவள் யாருடைய ஈரத்தை உறிஞ்சுகிறாள்? அண்ணாச்சியின் நண்டுகள் ஒளிந்து ஒளிந்து பார்ப்பது எதை? ஒருவர் நிழலை ஒருவர் கடைக்கண்ணால் பார்த்தோம், பார்ப்பதை அவர் பார்த்துவிட்டால் உப்பைப் பார்த்தோம்.

எங்களுக்கு ஒன்றை அளக்கத் தெரியும், அது உப்பு. கொம்பையாண்ணனிடம் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு, பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டால் உப்பு ஏற ஏற அது மேலே எழும்பும், அதிலுள்ள கோட்டைப் பார்த்து இத்தனை டிகிரி என்பார். கடல் தண்ணீர் மூன்று, அதில் மீன் இருக்கும். அடுத்த பாத்தியில் பத்து பன்னிரண்டு, மீன் செத்துப் பொடி இறால் பிழைக்கும். இருபதுக்கு மேல் தண்ணீர் சிவக்கும், இருபத்தைந்தில் உப்பு விளையும், முப்பதைத் தொட்டால் அதற்குப் பெயர் நஞ்சு. உப்பு விளைந்து முடிந்தபின் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீர் அது, காலில் பட்டால் தோல் வெடிக்கும், வரப்பை வெட்டி அதை வெளியே விடாவிட்டால் அடுத்து விளைகிற உப்பெல்லாம் கெட்டுவிடும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், ஆளை அளக்கவும் இதையே எடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை காலனி மைதானத்தில் வரிசையாக நின்றோம். கொம்பையாண்ணன் ஒவ்வொருவர் நிழலிலிருந்தும் ஒரு குவளை தண்ணீர் மொண்டு குழாயை மிதக்கவிட்டார். அவருக்கு மூன்று, அண்ணாச்சிக்கு ஒன்பது, லூர்தம்மாவுக்குப் பதினான்கு, எனக்குப் பதினெட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் தலையாட்டிக்கொண்டோம். சுயம்புக்கனியின் நிழல் மட்டும் முதல் நாளிலிருந்தே கருகருவென்று சேறாக இருந்தது, சாக்கடைப் பின்புறத்து வாடை அடித்தது, அதில் எதுவும் நீந்தவில்லை, முளைக்கவில்லை, எட்டிப் பார்க்கவில்லை. சேற்றுக்குமேல் தேங்கியிருந்த தண்ணீரை அவர் மொண்டார். குழாய் குவளைக்கு வெளியே விழுந்துவிடும் போல எழும்பியது.

"முப்பது," என்றார் கொம்பையாண்ணன்.

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்கண்ணே," என்றாள் சுயம்பு.

துடைத்துவிட்டுப் பார்த்தார், முப்பதுதான். அவள் புருஷன் போனது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது, போன வருஷம் அவள் வீட்டுப் பக்கம் மேய்ந்த ஆடு செத்தது ஞாபகம் வந்தது, அவள் தனியாகச் சிரித்ததைப் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள், தனியாக இருக்கிறவள் தனியாகத்தானே சிரிக்க முடியும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"ஒண்ணுமே இல்லாத நெழல்லதான் என்னமோ இருக்கு," என்றாள் லூர்தம்மா.

இங்கே நான் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்குள் என் இடுப்பில் மூன்று முட்டைகள் ஆகியிருந்தன, நான் குனிந்து நிமிர்வதையெல்லாம் அவற்றுக்கு வெயில் படாதபடிதான் செய்தேன், வீட்டில் தண்ணீர் எடுக்கக்கூடப் பக்கவாட்டில் நடந்தேன், பக்கத்துத் தெரு பேசிச் சிரித்ததை நான் லட்சியம் பண்ணவில்லை. என்னை நம்பி ஒன்று என் கீழே வந்து உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனால் அந்தப் பறவை தினமும் ஒன்பது மணிக்கு முட்டைகளை விட்டு எழுந்து சுயம்புவின் கறுப்பு நிழலுக்குப் போனது. அவள் நிழலின் ஓரத்தில் நின்று சேற்றைக் கொத்திக் கொத்தி, அலகைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாகத் திரும்பி வந்தது. என் நிழலில் என்ன குறை, எதற்கு அங்கே போகிறது, இவள் என்னவோ காட்டி இழுக்கிறாள் என்று எனக்கு வயிறு எரிந்தது. பதினொரு வருஷம் அவள் நிழலில் நான் கஞ்சி குடித்தவள், என் பறவை அங்கே போனதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அண்ணாச்சி தனியாக என்னிடம் வந்தார். "நீ அவளுக்குக் கூட்டு. ஒனக்குத் தெரியாம இருக்காது. அந்த நெழல்ல என்னதான் இருக்கு?"

"அவ நெழலுக்குப் போற பறவ தள்ளாடிட்டுத்தான் திரும்புது அண்ணாச்சி," என்றேன். "நேத்து ஒரு முட்ட ஆறிக்கூடப் போச்சு."

பறவை தள்ளாடவில்லை. முட்டை ஆறவும் இல்லை. இரண்டு வாக்கியம், மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை சொல்வதற்கு.

நஞ்சை என்ன செய்வோமோ அதையே செய்தார்கள், வெட்டி வெளியே விட்டார்கள். பம்ப் அறைக்கு மேற்கே, யாருடைய நிழலும் யார்மேலும் விழாத தூரத்தில் ஏழாம் பாத்தி கிடந்தது, இனி சுயம்பு அங்கேதான் வேலை பார்க்க வேண்டும், விடியுமுன் போய்விட வேண்டும், எல்லாரும் வீடு சேர்ந்தபின் திரும்ப வேண்டும் என்று முடிவானது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் பலகையையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டாள், முந்தின நாள் நிழலுக்கு நின்றது அவள், என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இன்னைக்கு ஒன் முறைலா?"

"அண்ணாச்சி சொல்லிட்டாவ," என்றேன்.

அவள் போனபிறகு பறவை என் நிழலின் மேற்கு ஓரத்துக்கு ஓடி ஓடி நின்று கத்தியது. பழகிவிடும் என்று நினைத்தேன்.

அவள் போன பத்தாம் நாள் முட்டை பொரித்தது. மூன்றும் பஞ்சுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தன, பொரித்த அன்றே ஓடின, என் நிழலுக்குள் தலையிலிருந்து கால்வரை ஓடி எல்லா இடத்தையும் கொத்திப் பார்த்தன, எறும்பு கடித்தது, நத்தை ஓடு உடையவில்லை. பக்கத்து நிழல்களுக்கு ஓடின. லூர்தம்மா துண்டை வீசி விரட்டினாள், அண்ணாச்சியின் நண்டு கொடுக்கைத் தூக்கியது. நான் சோற்றுப் பருக்கையை நசுக்கிப் போட்டேன், முட்டைக்கோசுப் புழு தேடிக் கொண்டுவந்து போட்டேன், குஞ்சுகள் பார்த்துவிட்டு நகர்ந்தன. ஐந்தாம் நாள் காலை ஒன்று என் கணுக்கால் நிழலில் சாய்ந்து கிடந்தது, தொட்டேன், தலை தொங்கிவிட்டது. அளத்து மண்ணில் புதைத்தால் மக்காது என்று கையில் எடுத்துக்கொண்டுபோய்க் காலனிக் குழாயடியில் புதைத்துவிட்டு அழுதேன், என் பையன்கள் ஊரைவிட்டுப் போனபோதுகூட அப்படி அழவில்லை.

எனக்கு மட்டும் இது நடக்கவில்லை. கொம்பையாண்ணனின் மீன்கள் வயிறு ஒட்டி வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து நின்றன. அண்ணாச்சியின் நண்டுகளில் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிட்டது. உமிரி வேரிலிருந்து வெளுத்தது. ஆளுக்கு ஆள் அடுத்தவரைப் பார்த்தோம். என் மீனுக்கு உன் செடிதான் எமன், உன் செடிக்கு அவர் நண்டுதான் எமன் என்று குழாயடியில் வாய்ச்சண்டை வந்தது, மறுபடி அளந்தோம், மறுபடி சண்டை வந்தது, வீட்டுக்கு ஒரு குடை வாங்கி நிழலை நிழலால் மூடிக்கொண்டு நடந்தோம். அண்ணாச்சி வரப்புகளில் சுண்ணாம்பால் கோடு கிழித்தார், ஒருவர் நிழல் கோடு தாண்டி அடுத்தவர்மேல் விழக் கூடாது. அதோடு நிழல் முறையும் ஒழிந்தது. ஒன்பது மணிக்கு ஒவ்வொருவரும் அவரவர் கோட்டுக்குள், கொதிக்கிற வெயிலில், தூக்குவாளியை மடியோடு அணைத்துக்கொண்டு, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று பார்த்தபடி குடித்தோம்.

இரண்டாவது குஞ்சும் காலை இழுக்க ஆரம்பித்தது. தாய்ப்பறவை அன்றைக்கும் மேற்கு ஓரத்தில் நின்று கத்தியது. அது பார்க்கிற திசையை நானும் பார்த்தேன், பம்ப் அறை, அதைத் தாண்டி வெள்ளை, அதைத் தாண்டிக் கறுப்பாய் ஒரு ஆள். எனக்குப் புரிந்தது அப்போதுதான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பறவை அலகைத் துடைத்துக்கொண்டு திரும்பிய முதல் நாளே எனக்குத் தெரியும், வயிறு நிறைந்தவர்கள்தான் அப்படி நடப்பார்கள்.

பலகையைப் போட்டுவிட்டு, அண்ணாச்சி கூப்பிடக் கூப்பிட, சுண்ணாம்புக் கோடுகளைத் தாண்டி மேற்கே நடந்தேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தது, நிழல் எனக்கு முன்னால் போனது, நிழலுக்குள் தாயும் இரண்டு குஞ்சுகளும் எனக்கு வழி காட்டுகிற மாதிரி ஓடின. ஏழாம் பாத்தியில் சுயம்பு குனிந்து வாரிக்கொண்டிருந்தாள். என் தலையின் நிழல் அவள் குதிகாலைத் தொட்டது.

"யாரு நெழலு?" என்றாள், திரும்பாமல்.

"நாந்தான்."

"என்னத்துக்கு வந்த?"

"குஞ்சு பொரிச்சிருக்கு. மூணு பொரிச்சிச்சு. இப்போ ரெண்டு."

அவள் பலகையை நிறுத்தினாள். முகம் காய்ந்து, உதடு வெடித்து, ஆள் பாதியாகியிருந்தாள்.

"பறவ தள்ளாடுதுன்னு நீதான் சொன்னியா?"

எல்லாரும்தான் சொன்னார்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஒரு குஞ்சு என் நிழலின் விளிம்பில் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு நின்றது.

"ஆமா."

"தள்ளாடுச்சா?"

"இல்ல."

என்னைத் திட்டுவாள், அடிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வரப்பில் வைத்திருந்த தூக்குவாளியை எடுத்து வந்தாள். "இன்னைக்கு ஒன் முறை," என்றாள். "இருவத்திரெண்டு நாளா ஒன் முறைதான். நில்லு. கஞ்சி குடிக்கணும்."

வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று துண்டை விரித்துப் பிடித்தேன். அவள் என் நிழலில் குந்தினாள், குந்தியதும் அவள் நிழல் என் நிழலுக்குள் கரைந்தது, கறுப்புச் சேறு என் இடுப்புவரை பரவியது, இரண்டு குஞ்சுகளும் அதில் விழுந்தன. நான் குனிந்து பார்த்தேன். சேறு முழுக்க அசைந்தது. குருணை குருணையாய்ப் புழு, ஒன்றின்மேல் ஒன்றாய், எண்ண முடியாத அளவு, மேலே பொடிப்பொடியாய்க் கறுப்பு ஈ, பறக்கக்கூட அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. இந்த ஈதான் காற்றில் போய்க் கொம்பையாண்ணன் தண்ணீரில் விழுந்தது, இந்தச் சேற்றைத்தான் அண்ணாச்சியின் நண்டுகள் தின்றன, உமிரியின் வேர் குடித்ததும் இதைத்தான். முப்பது டிகிரியில் ஒன்றும் பிழைக்காது என்று நாங்கள் மேல்தண்ணீரை மொண்டு சொன்னோம், கையை விட்டுக் கீழே தடவிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இது ஒனக்குத் தெரியுமா?"

"எங்கால்ல ஊருறது எனக்குத் தெரியாதா?"

"பெறவு ஏன் சொல்லல?"

"யாரு கேட்டிய? கண்ணாடியத்தான கேட்டிய." கடைசி மடக்கைக் குடித்துவிட்டு வாளியை மூடினாள். "குஞ்சக் கூட்டிட்டுப் போ. இல்லாட்டா அதையும் நான் பிடிச்சு வச்சிக்கிட்டேன்னு சொல்லுவிய."

குஞ்சுகளின் வயிறு புடைத்திருந்தது. கால் இழுத்தது நிமிர்ந்து நின்று அலகைத் துடைத்துக்கொண்டது.

"இங்கனயே இருக்கட்டும்," என்றேன்.

கிழக்கே திரும்பி நடந்தபோது நிழல் எனக்குப் பின்னால் வந்தது, அதனால் பம்ப் அறை தாண்டுகிறவரை நான் அதைப் பார்க்கவில்லை. தாண்டியபின் திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் காலிக் குழி இருந்தது. குழிதானே, மனசே சும்மா இரு என்று சொல்லிக்கொண்டேன், அது சும்மா இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்னது பொய் என்று சொன்னேன், அவள் நிழலில்தான் நம் எல்லாருக்கும் சோறு இருக்கிறது, அவளைக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். பொய் சொன்ன அன்றைக்கு ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்போது எல்லாருக்கும் கேள்வி இருந்தது.

"அவ ஒனக்கு என்ன குடுத்தா?" என்றாள் லூர்தம்மா.

"ஒண்ணும் குடுக்கல. ஏசக்கூட இல்ல."

"அதான கேக்கேன். ஏசாம விட்டாளாக்கும்? ஒன் பறவ எங்க?"

"அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன்."

"நீ விட்டுட்டு வந்தியா, அவ பிடிச்சுக்கிட்டாளா?"

"இவ நெழலையும் பாத்திருவோம்ணே," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். கொம்பையாண்ணன் வந்தார். என் நிழலில் ஒரு குவளை மொண்டு குழாயை மிதக்கவிட்டார், கோடு அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி குவளையை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவருடைய நிழலில் ஒரே ஒரு மீன் மிச்சமிருந்தது, அதுவும் மல்லாந்து மல்லாந்து நிமிர்ந்தது.

"முப்பது," என்றார்.

போன தடவை பதினெட்டு. பன்னிரண்டு டிகிரி ஏற ஒரு பாத்திக்கு எத்தனை வெயில் வேண்டும் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும், இருந்தும் இந்த எண்ணுக்கும் தலையாட்டிக்கொண்டார்கள். தவசிமுத்து அண்ணாச்சி கெட்டவர் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார், நாளையிலிருந்து ஆவுடையும் ஏழாம் பாத்தி என்று.

திங்கட்கிழமை பலகையையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். விடியுமுன் போயிருக்க வேண்டியவள், வீட்டைப் பூட்டிவிட்டு, யாராவது ஒரு வார்த்தை சொல்வார்களா என்று சுற்றிச் சுற்றி நின்று, ஒருவரும் சொல்லாமல், பம்ப் அறைப் பக்கம் போகும்போது ஒன்பது ஆகிவிட்டது. பின்னால் இருநூறு அடியில் கொம்பையாண்ணன் வந்துகொண்டிருந்தார், நான் திரும்பினால் உடனே குனிந்து பாத்தியில் டிகிரி பார்க்கிறவர் மாதிரி குழாயை விட்டார், அந்தப் பாத்தியில் தண்ணீரே இல்லை. அவருடைய நிழல் அவருக்கு முன்னால் கிடந்தது, அதில் அந்த ஒற்றை மீன். முப்பது என்று அவர் சொன்னது நிஜமா, இல்லை மீனோடு தான் போவதற்கு முன்னால் வேறு யாராவது அங்கே போகட்டும் என்று என்னை அனுப்பிப் பார்க்கிறாரா என்று யோசித்தேன், அவர் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

சுயம்பு மேலும் சந்தேகம் இருந்தது. அன்றைக்கு முறை அவளுடையது, ஆனால் பொய் சொன்னவளுக்கு யார் முறை வைப்பார்கள்? எனக்கு என்ன வேண்டும் என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. குஞ்சுகள் உயிரோடு இருக்க வேண்டும், அவள் எனக்கு நிற்க வேண்டும், இந்த இரண்டைத் தவிர இந்த அளத்தில் எனக்கு எதுவும் வேண்டாம்.

பம்ப் அறையைத் தாண்டியதும் அவள் தெரிந்தாள். அவள் வாரவில்லை. பலகை வரப்பில் கிடந்தது. எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை, அவள் நிழலும் அவளுக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தது, அதில் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கிட்டே போனால்தான் பார்க்க முடியும். நான் வருவது அவளுக்குத் தெரியுமா, யாராவது சொல்லியிருப்பார்களா, சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

வெயிலுக்கு முதுகைக் காட்டி, துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, அவள் நின்றுகொண்டிருந்தாள்.